நாற்பத்தேழு பீரோவுக்குச் சொந்தக்காரர்

ஜாஃபர் சாதிக்குக்கு இந்த உலகத்தில் ஆகாத விஷயம் ஒன்றே ஒன்றுதான். ஒரே சாமான் இரண்டு இடத்தில் இருக்கக் கூடாது. வீட்டில் இரண்டு நகவெட்டி கண்ணில் பட்டால் ஒன்றை யார் தலையிலாவது கட்டிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். அப்படித்தான் ஒரு வெள்ளிக்கிழமை, அவர் மனைவி அனீஸா பிரியாணிக்கென்று வறுத்து அரைத்து வைத்திருந்த மசாலாவையும் மீன் குழம்புத் தூளையும், "ரெண்டும் ஒரே கலர்தானே, எதுக்கு ரெண்டு டப்பா?" என்று ஒன்றாகக் கொட்டிக் கலக்கி வைத்தார். அந்த டப்பா தீரும்வரை அந்த வீட்டில் கறி சமைத்தாலும் மீன் வாசம்தான் வந்தது.

"நல்லவேளை, எனக்குக் கூடப் பொறந்தவ யாரும் இல்ல. இருந்திருந்தா அவளும் நானும் ஒரே ஆளுன்னு சாதிச்சிருப்பீங்க" என்றார் அனீஸா.

நாற்பத்தாறு வயது ஜாஃபருக்கு. தஞ்சாவூர் கீழவாசலில் வீடு. கம்ப்யூட்டர் படித்துவிட்டு சவுதியில் தம்மாமுக்குப் போய், ஒரு பெரிய மளிகைக் கம்பெனியின் கம்ப்யூட்டர் அறையில் குளிரில் விறைத்தபடி எட்டு வருஷம் உட்கார்ந்துவிட்டு வந்தவர். "புள்ளைக்கு உங்க போட்டோவக் காட்டிக் காட்டியே சோறு ஊட்டியாச்சு, போதும் வந்து சேருங்க" என்று அனீஸா சொன்னதும் பெட்டியைக் கட்டினார். ஊருக்கு வந்து ஹாஜியார் அப்துல் ஹமீதின் சீர்வரிசை மாளிகையில் சேர்ந்தார். வேலையின் பெயர் கம்ப்யூட்டர் மேனேஜர். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் அவர்தான், ஏசி ரிமோட்டில் பேட்டரி தீர்ந்தாலும் அவர்தான், ஹாஜியாரின் பேரன் செல்போனில் விளையாட்டு நின்றுபோனாலும் அவர்தான். கரண்ட் ஓடுகிற எல்லாமே கம்ப்யூட்டர் என்பது ஹாஜியாரின் அபிப்பிராயம்.

கடையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்தில் ஒரு பெண்ணைக் கட்டிக்கொடுப்பதென்றால் கட்டில், பீரோ, கிரைண்டர், குத்துவிளக்கு, அண்டா, குண்டான் எல்லாம் வண்டியில் ஏறியாக வேண்டும். மற்றது குறைந்தாலும் சமாளிக்கலாம். பீரோ இல்லாமல் பெண் போனால் பேரன் பேத்தி பிறந்த பிறகும் சம்பந்தி வீட்டில் அதைச் சொல்லிக்காட்டுவார்கள். அறுவடை முடிந்து தை பிறந்தால் ஹாஜியார் கடையில் நிற்க இடம் இருக்காது. தஞ்சாவூரில் தலைமைக் கடை. தாராசுரம், பூதலூர், கீழ்வேளூர் மூன்றிலும் கிளைகள்.

இந்த நான்கு கடைக்கும் கணக்கு வைத்திருந்த லட்சணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். தஞ்சாவூரில் கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடும் ஆதிகாலத்துப் பில்லிங் புரோகிராம். அதை எழுதிய ஆசாமி கனடாவுக்குப் போய் அந்த ஊர்க்காரராகவே ஆகிவிட்டார். தாராசுரத்தில் யாரோ தெரிந்தவர் ஓசியில் போட்டுக்கொடுத்த வேறொரு சாஃப்ட்வேர். கீழ்வேளூரில் எக்ஸெல். பூதலூர் மேனேஜர் இராஜாங்கம் இருக்கிறாரே, அவர் ஒரு படி மேல். விற்றதையெல்லாம் வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாகப் பேசித் தனக்குத்தானே அனுப்பிக்கொள்வார். கடை ஸ்டேஷனுக்குப் பக்கம். விலை சொல்லும் இடத்திலெல்லாம் சரியாக ஒரு ரயில் போகும்.

போன தையில் மொத்தம் எத்தனை பீரோ விற்றது என்று ஹாஜியார் ஒருநாள் சாதாரணமாகத்தான் கேட்டார். நான்கு கடையும் சேர்ந்து அந்த ஒரு கேள்வியில் திக்குமுக்காடிப் போயின. தாராசுரத்தில் பீரோவை 'இரும்புச் சாமான்' என்று போட்டிருந்தார்கள், அதில் வாளியும் அடக்கம். பூதலூரில் 'கல்யாண செட்டு'. கீழ்வேளூரில் 'பெருசு', 'சிறுசு' என்று மட்டும் இருந்தது. பெருசு என்றால் பீரோவா கட்டிலா என்று கேட்டால், "அது அன்னிக்கு வித்தவனுக்குத்தான் தெரியும்" என்றார்கள்.

"நாலு கடை வச்சிருக்கேன். என்ன வித்தேன்னு எனக்கே தெரியல. வெளிய சொன்னா மானம் போவும்!" என்று ஹாஜியார் தொப்பியைக் கழற்றி மேஜையில் அடித்தார்.

ஜாஃபர் காத்திருந்த நாள் அது. தொண்டையைச் செருமிக்கொண்டு, தரவுக் கிடங்கு என்கிற டேட்டா வேர்ஹவுஸ் ஒன்று கட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றார்.

"இருக்குற குடோனுக்கே வாடகை குடுத்து மாளல. இது எத்தன சதுர அடி?"

"இது அந்தக் குடோன் இல்ல ஹாஜியார். தகவலைப் போட்டு வைக்கிறது. நாலு கடை வாய்க்காலும் வந்து ஒரே ஏரியில விழுகிற மாதிரி. அங்க வடிகட்டி, தரம் பிரிச்சு வச்சுட்டா, நீங்க என்ன கேட்டாலும் ஒரே எடத்துலேர்ந்து பதில் வரும்."

"ஏரி ஒடஞ்சா?"

"ஒடையாது ஹாஜியார். சென்னைக் கம்பெனி ஒண்ணு கிளவுட்ல எடம் தருது."

ஹாஜியார் ஜன்னல் வழியாக மேகத்தைப் பார்த்தார். டெல்டாக்காரர் மேகத்தை நம்பிப் பழக்கப்பட்டவர் இல்லை. கடைசியில் சம்மதித்தார், ஆனால் ஒரு நிபந்தனையோடு. "கடைக்கு முப்பதாவது வருஷ விழா வருது. மேடையில நான் இதப் பத்திப் பேசப் போறேன். அன்னிக்குத் தப்பா ஏதாச்சும் வந்துச்சுன்னா, மறுநாளே பழைய கம்ப்யூட்டரைத் தூசி தட்டி வச்சுடுவேன். நீ பூதலூர் குடோன்ல போய் கட்டில் எண்ணிக்கிட்டு இரு."

ஜாஃபர் பூதலூர் குடோனை ஒருமுறை மனதில் ஓட்டிப் பார்த்தார். ஆனாலும் ஆசை விடவில்லை. பிறந்ததிலிருந்து அவர் இந்த வேலைக்காகவே காத்திருந்த மாதிரி அவருக்குத் தோன்றியது.

ஒரு வருஷம் உழைத்தார். பச்சை எழுத்துப் புரோகிராமிலிருந்து பழைய பில்களை உருவி எடுத்தார். கீழ்வேளூர் எக்ஸெல்லில் பெருசுகளையும் சிறுசுகளையும் விலையை வைத்துப் பிரித்தார். இராஜாங்கத்தை எதிரில் உட்கார வைத்து, அவர் குரலை அவருக்கே போட்டுக் காட்டி, ரயில் சத்தத்துக்கு நடுவே என்ன சொன்னார் என்று எழுதி வாங்கினார். "என் வூட்டுக்காரி கூட என் பேச்ச இவ்வளவு கவனமாக் கேட்டதில்ல பாய்" என்று இராஜாங்கம் கண்கலங்கிவிட்டார்.

எல்லாம் ஏரிக்கு வந்து சேர்ந்தது. அடுத்தது வாடிக்கையாளர்கள். ஒரே ஆள் நான்கு கடையிலும் நான்கு விதமாகப் பதிவாகியிருந்தார். ஒரு பில்லில் அப்பா பெயரோடு, ஒரு பில்லில் ஊர்ப் பெயரோடு, இன்னொன்றில் வெறும் 'அண்ணன்'. இதைக் கண்டதும் ஜாஃபருக்குக் கை துறுதுறுவென்றது. பெயரை நம்ப முடியாது, எழுதுகிறவர் இஷ்டம். செல்போன் நம்பர் அப்படியில்லை, ஒன்றைப் போல் இன்னொன்று கிடையாது. ஆகவே விதி ஒன்று போட்டார்: நம்பர் ஒன்றென்றால் ஆளும் ஒன்று. பொத்தானை அமுக்கினார். நாற்பதாயிரம் பேர் இருந்த பட்டியல் இருபத்தெட்டாயிரமாகச் சுருங்கியது. வேறு யாராக இருந்தாலும் பன்னிரண்டாயிரம் பேர் எங்கே போய்த் தொலைந்தார்கள் என்று ஒரு நிமிஷம் யோசித்திருப்பார்கள். ஜாஃபர் டீ சொல்லி அனுப்பினார்.

விழாவுக்கு முந்தின வாரம் ஹாஜியார் வந்து திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். "நம்மகிட்ட அதிகமா வாங்கினவரு யாரு? கேளு பாப்போம்."

கேட்டு முடிக்குமுன் பதில் வந்துவிட்டது. அரசப்பன். கீழ்வேளூர் பக்கத்துக் கிராமம். பீரோ மட்டும் நாற்பத்தேழு.

"நாப்பத்தேழா! யாருப்பா இவரு, மிராசுதாரா? நமக்குத் தெரியாமப் போச்சே. விழாவுல மேடையேத்தி சால்வை போட்டு, கண்ணாடி வச்ச டபுள் டோர் பீரோ ஒண்ணு பரிசாக் குடுக்கறோம். ஆளு நெசமான்னு மட்டும் விசாரிச்சுக்க."

இங்கேதான் அரசப்பனைப் பற்றிச் சொல்ல வேண்டும். மிராசும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. பெற்றோர் காலத்தில் அடுத்தவர் வயலில் நட்டு அறுத்த குடும்பம். இப்போது சொந்தமாக மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர் நிலம். அவருக்கு ஆண்டவன் கொடுத்த சொத்து வேறே, அது அவருடைய நாக்கு. விலை பேச உட்கார்ந்தால் கடைக்காரர் அழுதுவிடுவார். பீரோ கதவை நாலு இடத்தில் தட்டுவார், பூட்டைப் பத்து தரம் திருகுவார், விலையைக் கேட்டதும் ஒரு வார்த்தை பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்வரை நடப்பார். அந்த நடையைப் பார்த்துக் கூப்பிடாத கடைக்காரர் இன்னும் பிறக்கவில்லை. அவர் இல்லாமல் அவர் ஊரில் யாரும் சீர் சாமான் எடுக்கப் போவதில்லை. பேசுகிறவர் பேரில்தான் பில் போடுவது கடை வழக்கம். சாமான் கொண்டுபோகும் டெம்போக்காரருக்கு வழி கேட்க ஒரு நம்பர் வேண்டுமே, அதற்கும் அரசப்பன் நம்பர்தான். பெண்ணைப் பெற்றவர்களும், கடைக்கு நம்பரைக் கொடுத்தால் தினம் ஒரு விளம்பரம் வரும் என்று பேசாமல் இருந்துவிடுவார்கள்.

இதெல்லாம் ஜாஃபருக்குத் தெரியாது. அவர் கம்ப்யூட்டர் அறையை விட்டு வெளியே வந்து எந்தக் காலத்தில் கல்லாப் பக்கம் நின்றார்? போனைப் போட்டார்.

"அண்ணே, நம்ம கடையில இதுவரைக்கும் நாப்பத்தேழு பீரோ எடுத்திருக்கீங்க. சரிதானே?"

"நாப்பத்தேழுதானா? கூட இருக்கணுமே பாய். அத்தனையும் நான் முன்ன நின்னு எடுத்தது. ஒண்ணாச்சும் கதவு தொங்கிடுச்சு, பூட்டு மக்கர் பண்ணுதுன்னு திரும்பி வந்திருக்கா?"

"இல்லண்ணே."

"எப்புடி வரும்? தட்டிப் பாக்காம எடுக்க மாட்டேன்ல."

"எல்லாம் கல்யாணத்துக்குத்தானா அண்ணே?"

"ஆமா பாய். எல்லாம் நம்ம வூட்டுக் கல்யாணந்தான்."

ஜாஃபர் மகிழ்ந்துபோனார். அந்தப் பெயருக்கு எதிரே 'சரிபார்க்கப்பட்டது' என்று பச்சை நிறத்தில் ஒரு குறி போட்டார்.

விழா நாளும் வந்தது. கடை வாசலில் பந்தல், வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலி, எல்லோருக்கும் ரோஸ்மில்க். மேடையில் ரிப்பன் கட்டிய டபுள் டோர் பீரோ. பக்கத்தில் பெரிய திரை, அதற்குக் கீழே லேப்டாப்போடு ஜாஃபர், இஸ்திரி மடிப்பு கலையாத புதுச் சட்டையில். அரசப்பன் இரண்டு வேன் பிடித்து ஊரையே கூட்டிக்கொண்டு வந்திருந்தார். தனக்கு எதற்குச் சால்வை என்று அவருக்கே விளங்கவில்லை. நம் பேச்சுத் திறமையைக் கடைக்காரரே மெச்சுகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். அவர் மனைவி அம்சம் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். கட்டியிருந்த பட்டுச்சேலை கொஞ்சம் கசங்கியிருந்தது. யாரோ ஒருவர் வீட்டு கிரைண்டர் வந்த அட்டைப்பெட்டியில்தான் அவருடைய நல்ல சேலைகளெல்லாம் கிடந்தன, கசங்காமல் என்ன செய்யும்?

ஹாஜியார் மைக்கைப் பிடித்தார். "நம்ம கடையில இப்ப தரவுக் கிடங்கு இருக்கு. வாடகை கிடையாது. எலி கிடையாது. மழை வந்தா ஒழுகாது. கேட்ட ஒடனே உண்மையச் சொல்லும்" என்று சொல்லிவிட்டு ஜாஃபரைப் பார்த்துத் தலையசைத்தார்.

ஜாஃபர் பெருமையோடு படித்தார். "முதல் வாடிக்கையாளர், திரு. அரசப்பன் அவர்கள். இதுவரை வாங்கியது, பீரோ நாற்பத்தேழு, கட்டில் நாற்பத்தைந்து, கிரைண்டர் முப்பத்தெட்டு, குத்துவிளக்கு ஐம்பது ஜோடி!"

பந்தல் கைதட்டியது. அரசப்பன் சால்வைக்குக் கழுத்தை நீட்டினார். முன் வரிசையில் அம்சம் எழுந்து நின்றார்.

"பாய், கொஞ்சம் நிறுத்துங்க. அந்த மொதல்ல சொன்னத இன்னொரு தடவ படிங்க."

"பீரோ நாற்பத்தேழு."

அம்சம் புருஷனைப் பார்த்தார். "எங்க வூட்டுல துணி வைக்க அட்டப்பொட்டிதான் இருக்கு. நாப்பத்தேழு பீரோ எந்த வூட்டுக்குய்யா போச்சு?"

"அம்சம், ஒக்காரு. வூட்டுக்குப் போயிப் பேசிக்கலாம்" என்றார் அரசப்பன். பொல்லாத நேரத்தில் மனிதன் இதைத்தான் சொல்வான், இதை மட்டும்தான் சொல்லக் கூடாது.

"எந்த வூட்டுக்கு? நாப்பத்தேழு வூடு இருக்கு போலருக்கே, எந்த வூட்டுக்குப் போய்ப் பேசறது?"

பந்தல் கொல்லென்று சிரித்தது. பின்னாலிருந்து யாரோ விசிலடித்தார்கள். "ஐம்பது ஜோடி குத்துவிளக்கு! ஆளு பலே கில்லாடிதான்" என்றார் தஞ்சாவூர்க்காரர் ஒருவர். அம்சம் முதலில் கோபத்தில்தான் நின்றார். சிரிப்புச் சத்தம் அடங்காமல் நீளவும் அவர் முகம் மாறியது. முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். கண் நிறைந்துவிட்டது. ஊரைக் கூட்டி வைத்து இப்படியா என்று நினைத்திருப்பார். அரசப்பனுக்கோ நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஊருக்கெல்லாம் பேசும் மனிதர், தனக்காக ஒரு வார்த்தை பேச வராமல் சால்வையைப் பிடித்துக்கொண்டு முழித்தார்.

ஜாஃபருக்கு அப்போதுதான் பொறி தட்டியது. அட்டைப்பெட்டி என்றாரே! போனில் அரசப்பனும் 'முன்ன நின்னு எடுத்தது' என்றுதானே சொன்னார்? இந்த மனிதர் ஒன்றுகூட வாங்கவில்லை. வாங்கியவர்கள் எல்லாம் அந்த இரண்டு வேனில் வந்தவர்கள். பேசாமல் இருந்தால் கிடங்கு பிழைக்கும், ஹாஜியார் பெருமை பிழைக்கும், தன் வேலையும் பிழைக்கும். புருஷன் பெண்டாட்டி சண்டை, நாலு நாளில் சரியாகிவிடும் என்று கண்டுகொள்ளாமல் போகலாம். வாயைத் திறந்தால் பூதலூர் குடோன்தான். அவர் ஹாஜியாரைப் பார்த்தார், பிறகு முந்தானையால் வாயைப் பொத்தி நின்ற அந்த அம்மாளைப் பார்த்தார். யா அல்லா, ஒரு மசாலா டப்பாவைக் கலந்ததற்கே வீட்டில் அந்தப் பாடு, இது ஒரு குடும்பமாயிற்றே என்று பதறிப்போய் மைக்கைப் பிடுங்கினார்.

"அக்கா, அண்ணன் மேல தப்பு இல்ல. தப்பு என்னோடது. இது அத்தனையும் வேற வேற குடும்பம் வாங்கினது. எல்லா பில்லுலயும் அண்ணன் நம்பர் இருந்துச்சு. நம்பர் ஒண்ணா இருக்கேன்னு நான்தான் எல்லாரையும் ஒரே ஆளாச் சேத்துட்டேன். கம்ப்யூட்டர் சொன்னது தப்பு." ஹாஜியார் பக்கம் திரும்பவே அவருக்குப் பயமாக இருந்தது. கூட்டத்தைப் பார்த்து, "அண்ணனைக் கூட்டிட்டு வந்து பீரோ எடுத்தவங்க கையத் தூக்குங்க" என்றார்.

வேனில் வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கையைத் தூக்கினார்கள். கண்ணாத்தாள் என்ற ஒரு அம்மாள் நாற்காலி மேலேயே ஏறி நின்றுவிட்டார். "அடி அம்சம், ஒரு பீரோ எம் மவளோடதுடி! நீயுந்தானே கல்யாணத்துல பந்தி பரிமாறின!"

அம்சம் ஒவ்வொரு கையாகப் பார்த்தார். ஒவ்வொரு கல்யாணமும் அவருக்கு நினைவிருந்தது. முந்தானையை வாயிலிருந்து எடுத்தார். நிம்மதியாக ஒரு மூச்சு விட்டார். அடுத்த மூச்சில் இரண்டாவது கோபம் வந்தது. முதல் கோபத்தைவிட இது பெரியது.

"ஊரான் வூட்டுக்கெல்லாம் பீரோ எடுத்துக் குடுத்தா நம்ம வூட்டுக்குப் பீரோ தன்னால நடந்து வரும்னு நெனச்சியாய்யா? கடைக்கு இத்தன தடவ வந்தியே, ஒரு தடவயாச்சும் என் ஞாபகம் வந்துச்சா?"

அரசப்பன் தலையைக் குனிந்துகொண்டார். "வராம இருக்குமா அம்சம்? ரெண்டு தடவ உனக்குன்னே காசு எடுத்துக்கிட்டு வந்தேன். அடுத்தவங்களுக்குன்னா வெல கொறைக்கச் சொல்ல வாய் வருது. எனக்குன்னா கூச்சமா இருக்கு. கேக்க முடியல, திரும்பி வந்துட்டேன்."

பந்தலில் சிரிப்பு நின்றது. அம்சம், "கிறுக்கு மனுசன்" என்று மட்டும் சொன்னார்.

ஹாஜியாருக்கு இதெல்லாம் காதில் ஏறவில்லை. மேடையில் மானம் போய்க்கொண்டிருக்கிறதே என்ற தவிப்பு அவருக்கு. "பிள்ளையார் புடிக்கக் குரங்கான கதையாப் போச்சு" என்று பல்லைக் கடித்தார். முப்பது வருஷம் எல்லா மதத்துக்காரருக்கும் குத்துவிளக்கு விற்றவர், அவர் வாயில் எல்லாப் பழமொழியும் வரும். "சரி, ரெண்டாவது யாரு? அவரக் கூப்புடு."

ஜாஃபர் லேப்டாப்பைத் தட்டினார். "பூதலூர் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடை நம்பர் ஹாஜியார். டெம்போக்காரருக்கு நம்பர் கேட்டா இராஜாங்கம் அதத்தான் குடுப்பாரு."

"மூணாவது?"

ஜாஃபர் லேப்டாப் மூடியைப் பாதி சாய்த்தார்.

"வாயில என்ன கொழுக்கட்டையா? சொல்லுப்பா!"

"உங்க நம்பர் ஹாஜியார்."

மைக் அணைக்கப்படவில்லை. பந்தல் முழுக்கக் கேட்டுவிட்டது. நம்பர் தர மாட்டேன் என்கிறவர்களுக்கெல்லாம், "பில்லு நிக்கக் கூடாது, என் நம்பரைப் போட்டு அனுப்பு" என்று நான்கு கடைக்கும் உத்தரவு போட்டவர் ஹாஜியார்தான். இப்போது தன் கடையில் தானே மூன்றாவது பெரிய வாடிக்கையாளராக நின்றார்.

இதற்குத்தான் காத்திருந்த மாதிரி அரசப்பனுக்கு நாக்கு திரும்பி வந்தது. "மொதலாளி! நீங்களே இத்தன பீரோ எடுத்தீங்களா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா கொறச்சுப் பேசி எடுத்துக் குடுத்திருப்பேனே!"

பந்தல் பிய்த்துக்கொண்டது. ரோஸ்மில்க் குடித்துக்கொண்டிருந்த இராஜாங்கத்துக்குப் புரையேறி மூக்கு வழியாக வந்தது. ஹாஜியார் கோபப்படத்தான் பார்த்தார், முடியவில்லை. தொப்பியைக் கழற்றி முகத்தை மறைத்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்ததும் அவருக்குள் இருந்த வியாபாரி எட்டிப்பார்த்தார்.

"ஏம்ப்பா சாதிக்கு, இந்த மனுசன் ஒருத்தரு கமிஷனே வாங்காம நமக்கு இத்தன குடும்பத்தக் கூட்டியாந்திருக்காரு. இது நமக்கு இன்னிக்குத்தானே தெரியுது? வாங்கினது யாரு, கூட வந்தது யாரு, பேசினது யாருன்னு தனித்தனியாப் போட முடியுமா ஒன் கிடங்குல?"

"முடியும் ஹாஜியார். சேத்தத எல்லாம் பிரிச்சுப் போடறேன்."

"அப்ப பிரி. கட்டில வேற யாராச்சும் எண்ணட்டும்."

ஜாஃபருக்குப் போன உயிர் வந்தது. அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதிருப்பார், புதுச் சட்டையாயிற்றே என்று பார்த்தார்.

ஹாஜியார் தாராளமாகக் கையை வீசி, "பீரோவ நீங்களே கொண்டு போங்கம்மா" என்றார்.

"வேணாம் மொதலாளி" என்றார் அம்சம். "மேடையில அழுது பீரோ வாங்குனவன்னு நாளைக்கு ஊருல சொல்லுவாங்க. காசு குடுத்தே எடுத்துக்கறேன்." அரசப்பன் மடியில் கையை விட்டார். "நீ சும்மா இரு. இது என் கழனிக் கூலிக் காசு" என்று அவரைத் தடுத்தார் அம்சம்.

மேடையேறினார். ரிப்பனை அவிழ்த்து ஒதுக்கிவிட்டு பீரோவின் இரண்டு கதவையும் திறந்து மூடினார். தட்டுகளை அமுக்கிப் பார்த்தார். விலையைக் கேட்டார். ஹாஜியார் சொன்னார். அம்சம் ஒன்றும் சொல்லாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். வாசல் பக்கம் நடக்கக்கூட இல்லை. ஹாஜியார் தானாகவே கொஞ்சம் குறைத்தார். அம்சம் அப்போதும் பார்த்தார். இன்னும் குறைத்தார். கடைசியில் விலை எங்கே போய் நின்றது என்று யாரும் கேட்காதீர்கள், ஹாஜியார் இன்றுவரை வெளியே சொல்வதில்லை. அரசப்பன் மட்டும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷமாக இந்தக் கெட்டிக்காரியை வீட்டில் வைத்துக்கொண்டா நாம் ஊருக்குப் பேசப் போனோம் என்று அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"பில்லு போடுங்க பாய். என் பேர்லயே போடுங்க."

"ஆகட்டும் அக்கா" என்று ஜாஃபர் லேப்டாப்பை இழுத்துக்கொண்டார். "போன் நம்பர் சொல்லுங்க."

அம்சம் சொன்னார். ஜாஃபர் பாதி அடிக்கும்போதே திரையில் சிவப்பாக ஒரு கட்டம் முளைத்தது. இந்த நபர் ஏற்கெனவே இருக்கிறார், அரசப்பனோடு சேர்க்கவா என்று அது கேட்டது.

"இது அண்ணன் நம்பராச்சேக்கா?"

"வூட்டுக்கு ஒரு போனுதான் பாய். நம்பரு ஒண்ணுன்னா நானும் அவரும் ஒரே ஆளாயிடுவமா?"

ஜாஃபர் 'சேர்க்க வேண்டாம்' என்பதை அமுக்கினார். புது வாடிக்கையாளர், அம்சம், பீரோ ஒன்று என்று அடித்து, கல்லா பிரிண்டரில் விழுந்த பில்லைக் கிழித்துக் கொடுத்தார். அம்சம் அதை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, தன் பேர் சரியாக விழுந்திருக்கிறதா என்று எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்தார்.